கட்டையில் வலது கை

மகனே, கார்டு போட்டால் பதில் போடாதவன் கவர் போட்டால் மட்டும் போடுவானா என்று உன் ஆத்தா கேட்கிறாள். அவள் கேட்பதும் நியாயம்தான். ஆனால் கார்டில் எழுதினால் தபால்காரர் முதல் பெட்டிக்கடைக்காரர் வரை படித்து முடித்த பிறகுதான் உன் கைக்கு வரும். இது அப்படி ஊர் படிக்கிற சங்கதி இல்லை. நீயும் பாதியில் மடித்து வைத்துவிடாதே. கடைசிவரை படி. படித்துவிட்டு என்னைத் திட்ட வேண்டும் என்றால் திட்டு, அதற்காகவாவது ஒரு கார்டு வரும்.

நீ சிவகாசியில் இருப்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. போன மாசம் உன் ஆத்தா அடுப்புப் பற்ற வைக்கத் தீப்பெட்டியை எடுத்தாள். மேலே ஒரு கிளி. அதன் சிறகைப் பார்த்ததும் பெட்டியை அவள் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன். இறகை அடியிலிருந்து நுனிக்கு வெட்டாமல் நுனியிலிருந்து அடிக்கு இழுக்கிற கோணங்கித்தனம் இந்த ஜில்லாவில் உன் ஒருவனுக்குத்தான் உண்டு. பெட்டியில் போட்டிருந்த விலாசத்துக்குத்தான் இத்தனை நாளும் எழுதிக்கொண்டிருக்கிறேன். கிளிக்குக் கண்ணும் மூக்கும் அழகாக வைத்திருக்கிறாய். முகம் செதுக்க மறந்துபோகவில்லை என்று தெரிந்து எனக்குக் கொஞ்சம் ஆறுதல், கொஞ்சம் வயிற்றெரிச்சல்.

உனக்கு அந்தப் பிள்ளையார் ஞாபகம் இருக்கிறதா? மீசை அரும்பாத வயசு உனக்கு. போடி ஏலக்காய் வியாபாரி ஒருவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைக்குப் பழைய பிள்ளையார் அச்சுக்கட்டை தேய்ந்துபோயிற்று, புதுசு வெட்டு என்று அச்சாபீஸ் முதலாளி சொன்னார். நீ கோயிலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பார்த்ததைப் பார்த்தபடியே பலாப் பலகையில் வெட்டினாய். எழுத்து என்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் திருப்பித்தான் வெட்டுவாய், அச்சுக்கோக்கிறவன் மகன் அல்லவா. உருவமும் காகிதத்தில் திரும்பித்தான் விழும் என்பது உனக்குத் தோன்றவில்லை. ஊரில் உள்ள பிள்ளையாருக்கெல்லாம் தும்பிக்கை ஒரு பக்கம் என்றால் நம் பிள்ளையாருக்கு மறு பக்கம். நான் உன்னை அறையக் கையை ஓங்கிவிட்டேன். அதற்குள் வியாபாரி வந்து பார்த்துவிட்டு, "அடடா, வலம்புரிப் பிள்ளையாரால்ல போட்டுக் குடுத்திருக்காக! இந்த ராசி வேற எந்த அச்சாபீஸுல கெடைக்கும்?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். முதலாளி உன் முதுகில் தட்டினார், நான் ஓங்கிய கையைத் தலை சொறியப் பயன்படுத்திக்கொண்டேன். அதிலிருந்து உருவம் திரும்பி விழுந்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்று நீ முடிவுகட்டிவிட்டாய். மூக்குப்பொடிச் சீட்டுக்கு மாடு, பீடிச் சீட்டுக்குச் சேவல் என்று எத்தனை வெட்டினாய். மாடு எந்தப் பக்கம் பார்த்தால் என்ன, மாடுதானே. உத்தமபாளையத்தில் யாரும் கேட்கவில்லை.

பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற நோட்டீஸும் நம் அச்சாபீஸில்தான் ஓடியது. கோத்தவன் நான், சரிபார்த்தவன் நீ. நல்ல சாப்பாடு, நல்ல சட்டை, வீட்டுக்கு மாசாமாசம் பணம் என்று ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி அடுக்கினேன். அப்போது என் கவலையெல்லாம் எழுத்துப் பெட்டியில் 'ச்' போதுமா என்பதுதான். நீ சரிபார்த்துவிட்டு, பிழை ஒன்றும் இல்லை அய்யா என்றாய். அடுத்த வாரமே உன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்து நின்றாய். துப்பாக்கி பிடிக்கிற வேலை இல்லை, அஸ்ஸாம் மலையில் ரோடு போடுகிற கூலியாள் படைதான், சண்டை நடக்கிற இடத்துக்கே போகமாட்டோம் என்று ஆத்தாளைச் சமாதானம் செய்தாய். நம் பள்ளத்தாக்கிலிருந்து எத்தனை வீட்டுப் பிள்ளைகள் அந்த நோட்டீஸைப் பார்த்துப் போனார்கள் என்று இப்போதும் சில நேரம் நினைத்துக்கொள்வேன். நினைத்து என்ன செய்ய, மறுநாள் காலையில் வேறு நோட்டீஸ் வந்துவிடும்.

நீ திரும்பி வந்தாய். வந்தாய் என்று ஊருக்குச் சொன்னோம், அவ்வளவுதான். காய்ச்சல் தின்று மிச்சம் வைத்த உடம்பு. கூப்பிட்டால் திரும்புவதில்லை, தட்டில் போட்ட சோறு காய்ந்து கிடக்கும். அச்சாபீஸுக்கு வரமாட்டேன் என்றாய். பிறகு ஒருநாள் கொல்லையில் கிடந்த பலகையை இழுத்துப் போட்டு உளியை வைத்தாய். காகிதத்தில் வரைந்து கவிழ்த்து ஒட்டி வெட்டுவதுதானே தொழில் முறை, அதுகூட இல்லாமல் நேராக மரத்தில் கை வைத்தாய். சேற்றில் கழுத்தளவு புதைந்த கோவேறு கழுதை. வரிசையாகப் பாதங்கள், பாதங்களுக்கு மேலே ஒன்றும் இல்லை. மூட்டையைத் தலையில் வைத்தபடியே உட்கார்ந்து செத்துப்போன பர்மாக்காரக் கிழவி. யுத்தத்தில் காகிதம் கிடைக்காத காலம், அந்த ஆள் எடுக்கும் நோட்டீஸில் மிஞ்சிய தாள்களை நான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவற்றின் வெறும் பக்கத்தில் நீ உன் படங்களை எடுத்தாய். மெஷின் இல்லாததால் அகப்பையின் முதுகை வைத்துத் தேய்த்துத் தேய்த்து எடுத்தாய். "சோறு அள்ளுற அகப்பையில பொணத்தத் தேய்க்கிறான், இவன் உருப்படுவானா?" என்று உன் ஆத்தா தலையிலடித்துக்கொண்டாள். ஆனாலும் அகப்பையைப் பிடுங்கவில்லை. அவள் அன்றைக்கே வேறு அகப்பை வாங்கிக்கொண்டாள்.

மனிதர்களுக்கெல்லாம் முகத்தை வெட்டாமல் கறுப்பாக விட்டிருந்தாய். ஏன்டா என்று கேட்டேன். "பாக்கல அய்யா. பாத்திருந்தா நடந்திருக்க முடியாது" என்றாய். இந்த வீட்டில் நீ பேசிய நீளமான பேச்சு அதுதான் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு இன்னொன்று பேசினாய். மார்பில் கை வைத்துப் படுத்திருக்கும் ஆள், கையில் இரண்டு விரல் இல்லை, பக்கத்தில் மூடி திறக்காத தண்ணீர்க் குப்பி. அந்தக் கட்டையை வெட்டி முடித்த அன்று சொன்னாய். ரோட்டோரம் கிடத்தியிருந்த சீக்காளிகளில் ஒருவன் உன் காலைத் தொட்டு, "ஏப்பா, தண்ணி இருக்கா?" என்று நம்மூர்ப் பேச்சில் கேட்டான். உன் குப்பி காலி. வரிசையை விட்டு நகர்ந்தால் அடி. மூன்று மலைவளைவு தாண்டி நிறுத்தியபோது குப்பியை நிரப்பிக்கொண்டு திரும்பி ஓடினாய். அவன் கை மார்பில் இருந்தது. எந்த ஊர் என்றுகூடக் கேட்காமல் போய்விட்டேனே அய்யா என்றாய். நான் உனக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். மை காய்ந்துவிட்டதா பார் என்று மட்டும்தான் சொன்னேன்.

கொடியில் காயப்போட்ட படங்களை யாரோ பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மயிலாடும்பாறையிலிருந்து ஒரு தகப்பன், கம்பத்திலிருந்து அக்காள் தங்கை இருவர். காணவில்லை என்று சர்க்கார் கடுதாசி வந்த வீடுகள். அதற்கு மேல் அவர்களுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. "எங்க பய இதுல இருக்கானான்னு பாத்துட்டுப் போறோம்" என்பார்கள். பார்த்த துயரத்தை இறக்கி வைக்க நீ வெட்டினாய், அவர்களோ பிள்ளையைத் தேடி வந்தார்கள். முகம் இல்லாததால் காலைப் பார்ப்பார்கள், முதுகைப் பார்ப்பார்கள், மச்சம் இருக்கிறதா என்று காகிதத்தைத் தடவுவார்கள். ஆத்தா எல்லோருக்கும் மோர் கொடுத்தாள். நீ சுவரோடு ஒட்டி நின்றாய். ஒன்றும் அகப்படாமல் போகிறவர்கள் உன்னைக் கும்பிட்டுவிட்டுப் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிறகு வெள்ளையம்மா வந்தாள், ஓடைப்பட்டியிலிருந்து. நெற்றி நிறையக் குங்குமம். ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் குப்பி இருந்த படத்தில் நின்றுவிட்டாள். அவள் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. "எங்க வீட்டுக்காரவுகளுக்கு ரெண்டு வெரலு இல்ல. கரும்பு ஆலையில போனது" என்றாள். நீ சுவரை விட்டு முன்னால் வந்தாய். அவள் தன் கைகளை நீட்டி, படத்தைப் பார்த்து, மறுபடி கைகளைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "அவுகளுக்கு வலது கையி. இது எடது கையில்ல? இவுக இல்ல! ஆத்தா, இவுக இல்ல!" உன் ஆத்தாளைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். சிரித்து ஓய்ந்த பிறகு திரும்பி வந்து படத்திலிருந்தவனின் கறுத்த முகத்தைத் தொட்டு, "நீ எந்தப் புண்ணியவதி பெத்த புள்ளையோ" என்று கொஞ்சம் அழுதாள்.

வயசெல்லாம் எழுத்தைத் தலைகீழாகப் படித்தே கழித்தவன் நான். எனக்கு அந்த நிமிஷமே தெரியும். காகிதத்தில் இடது கை என்றால் கட்டையில் வலது கை. நீ பார்த்ததைப் பார்த்தபடியே வெட்டியவன். உனக்கும் தெரியும். "கட்டையில..." என்று நீ வாயெடுத்தாய், நான் உன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அவள் மோர் குடித்துவிட்டு, பொழுதிருக்க ஊர் போய்ச் சேர வேண்டும் என்று கிளம்பினாள். அவள் தெரு முனை திரும்புகிறவரை நான் பிடியை விடவில்லை.

அதற்குத்தானே என்னை அப்படிக் கேட்டாய். "நான் என்ன பொய்யவா செதுக்குனேன்? ஓடைப்பட்டிக்குப் போயிச் சொல்லிட்டு வாரேன், விடுங்க" என்றாய். "ஏலே, ஒரு பொம்பள சிரிச்சுக்கிட்டுப் போறா. அவ நெத்திய அழிக்க நீ ஓடுறியா?" என்று நான் கத்தினேன். ஆத்தாளும் என் பக்கம்தான் பேசினாள். நீ கட்டைகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போய் வெந்நீர் அடுப்பில் வைத்தாய். கழுதை, பாதங்கள், கிழவி, விரல் இல்லாத கை, எல்லாம் எரிந்தது. மறுநாள் நீ இல்லை. அன்று நான் செய்தது தப்பு என்று எழுதுவேன் என எதிர்பார்த்து இதுவரை படித்திருந்தால், இல்லை. இன்றைக்கு அவள் அப்படிச் சிரித்தாலும் நான் உன் கையைப் பிடிப்பேன். ஆனால் பிடித்ததால் என்ன ஆயிற்று என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நடுவில் யுத்தம் முடிந்தது. வெற்றி விழா நோட்டீஸ் வந்தது, அதையும் நான்தான் கோத்தேன். ஆள் எடுக்கும் நோட்டீஸுக்கு அடுக்கிய அதே ஈய எழுத்துகள். ஒரு எழுத்தாவது கூசியிருக்க வேண்டுமே, இல்லை. பிறகு ரேஷன் அரிசி நோட்டீஸ், அதற்கும் அவைதான். உன் படங்களைப் பார்த்துவிட்டு யுத்தம் வேண்டாம் என்று எந்தத் துரையும் சொல்லப்போவதில்லை, எந்த ஊர்ப் பையனும் நோட்டீஸைக் கிழித்துப் போடப்போவதுமில்லை. அச்சாபீஸில் கிழடு தட்டியவன் சொல்கிறேன், காகிதத்தால் ஆளைக் கூப்பிட்டு அனுப்ப முடியும், திருப்பிக் கூப்பிட முடியாது. உனக்குப் புத்தி சொல்கிறேன் என்று நினைக்காதே. எனக்கே வேறு எதிலும் நம்பிக்கை இல்லை, அதனால் சொல்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை வெள்ளையம்மா அச்சாபீஸுக்கு வந்தாள். கூட அவள் கொழுந்தன், இருபது வயசுப் பையன். அவன் தங்கைக்கு ஆவணியில் கல்யாணம், பத்திரிகை அடிக்க வேண்டும். நான் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தேன். மூத்த அண்ணன் பெயரை அவன்தான் சொன்னான். பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று ஏதும் போட வேண்டாமா என்று கேட்கிற வழக்கம். கேட்காமல் இருந்திருக்கலாம். "அண்ணன் வருவாக. வெறும் பேரே போடுங்க" என்றான் பையன். அவள் தலையாட்டிக்கொண்டாள். பிறகு அவன் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வெளியே போனான். பிள்ளையார் எப்படி இருக்கும் காட்டுங்க என்றாள். உன் வலம்புரிப் பிள்ளையார்தான், வேறு எது இருக்கிறது. கட்டையையும் பழைய பத்திரிகை ஒன்றையும் எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

அவள் எழுத்து அறியாதவள். எழுத்தைப் படிக்காத கண் உருவத்தைத்தான் பார்க்கும். கட்டையின் தும்பிக்கையில் விரலை வைத்தாள், காகிதத்தின் தும்பிக்கையில் இன்னொரு விரலை வைத்தாள். "கட்டையில இங்கிட்டு இருக்கு. காயிதத்துல அங்கிட்டுப் போயிருச்சே?" என்றாள். அப்படித்தான் தாயி விழும் என்றேன். அவள் இரண்டு விரலையும் எடுக்கவே இல்லை. "எல்லாப் படமுமா?" என்றாள். எல்லாந்தான் என்றேன். "அப்ப உங்க மகன் வெட்டுன கட்டையில அது எந்தக் கையி?"

இந்தத் தடவை பிடித்துக்கொள்ள யாருடைய மணிக்கட்டும் இல்லை. வலது கை என்று சொன்னேன்.

அவள் அலறவில்லை. வாசலைப் பார்த்தாள், மாட்டோடு நின்ற பையனைப் பார்த்தாள். "கல்யாணம் முடியட்டும் அய்யா. நான் தாலியறுத்தவன்னு தெரிஞ்சா பந்தலுக்குள்ள விடுவாகளா? அந்தப் புள்ளைய வளத்தவ நானு. வெறும் பேரே இருக்கட்டும்" என்றாள். நான் அவளுக்காக மறைத்ததை இனி அவள் அந்தப் பெண்ணுக்காக மறைக்கப்போகிறாள், பத்திரிகை முழுக்க அதே பொய்யை நான் அச்சடிக்கப்போகிறேன். பிறகு, "அன்னைக்கு யாரோன்னு நெனச்சு அழுதேன்ல, அது அவுகளுக்குப் போயிச் சேந்திருக்குமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை மகனே. நான் என்ன சாமியா. சேர்ந்திருக்கும் தாயி என்று சொன்னேன். அந்தக் குப்பி எதற்கு என்று கேட்டாள், உங்க மகன் தண்ணி குடுத்தாகளா என்று கேட்டாள். அதை அவன் வந்து சொல்லுவான் என்று தப்பித்துக்கொண்டேன்.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். கல்யாணம் முடிந்ததும் கருமாதி செய்ய வேண்டும். எரிக்க உடம்பு இல்லை, கரைக்கச் சாம்பல் இல்லை. அந்தப் படத்தை வைத்துச் செய்யப்போகிறாள். ஆனால் கை சரியாக இருக்க வேண்டுமாம். "கையி மாறிக் கெடந்தா வேற ஆளுக்குல்ல அய்யா போகும்? அவுக அங்கனயே தாகமா நிப்பாக" என்றாள். வேறு ஆளை வைத்து வெட்டித் தரட்டுமா என்றேன். பார்த்த கைதான் வெட்ட வேண்டும் என்றுவிட்டாள். எழுந்திருக்கும்போது, படத்துக்குக் கீழே பெயர் போடுங்கள் என்றாள். பெயர்தான் பையன் சொல்லியிருக்கிறானே, எனக்குத் தெரியுமே. ஆனாலும் அவள் வாய் திறந்து, கழுத்துத் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு, "மாயாண்டி" என்றாள். கட்டிய நாளிலிருந்து அவள் சொல்லாத பெயர். என் காதுபடச் சொன்னாள். பிறகு அழுதாள், மை துடைக்கிற துணியைத்தான் என்னால் கொடுக்க முடிந்தது.

ஆகவே நீ கேட்காமல் வந்த அந்தப் பெயரை உனக்கு எழுதிவிட்டேன். ஓடைப்பட்டி மாயாண்டி. கட்டைகளை எரித்தாய், காகிதத்தை எரிக்கவில்லை. இந்தக் கவரில் அந்தப் படத்தை மடித்து வைத்திருக்கிறேன், பின்பக்கம் திருப்பாதே, நோட்டீஸ் இருக்கிறது. வரையவும் வேண்டாம், திருப்பவும் வேண்டாம். காகிதத்தில் இருப்பதை இருக்கிறபடியே மரத்தில் வெட்டு. பழைய தப்பையே இன்னொரு தரம் செய்தால் போதும், கை தானாக வலதுக்கு வந்துவிடும். வீட்டுக்கு வா என்று நான் கேட்கவில்லை. ஆத்தா கேட்கச் சொன்னாள், இரண்டு கண்ணும் மங்கி உட்கார்ந்திருக்கிறாள், அதை எழுதாதே என்றும் சொன்னாள். நீ வருவாய் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. கட்டையைப் பார்சலில் அனுப்பினாலும் போதும். குப்பியைப் பற்றி அவளுக்குச் சொல்ல வேண்டியதை மட்டும் பார்சலில் அனுப்ப முடியாது, அதை நீயே யோசித்துக்கொள்.

பெயரை அன்றைக்கே கோத்துவிட்டேன். மற்ற வேலைக்கு 'டி' குறைகிறது, அந்தப் பெயரைப் பிரித்துப் பெட்டியில் போடு என்று முதலாளி தினமும் சத்தம் போடுகிறார். பிரிக்கவில்லை. அதன் மேலே ஒரு கட்டை அளவுக்கு இடம் விட்டு, நூலால் கட்டி, ஜன்னலோரம் வைத்திருக்கிறேன்.